அத்தை நிமிர்த்தி வைத்த துணுக்கு

என் அத்தைக்கு நிதானம் என்பதே கிடையாது, கைக்கு மட்டும் உண்டு. நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த சதைத்துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவதுதான் இருபத்தெட்டு வருடமாக ஆஸ்பத்திரி லேபில் அவள் வேலை. சீவும்போது மூச்சு விடமாட்டாள். மெஷினை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

அவளுடைய அண்ணன்தான் என் அப்பா, பஸ் டிரைவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவருக்கு மலச்சிக்கல். வயிற்றில் ஏதோ கோளாறு என்று சொல்லாத நாளில்லை. பதினோரு வருடத்துக்கு முன் அத்தையின் ஆஸ்பத்திரியிலேயே குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். அதோடு வீட்டில் அவர் மானம் கப்பலேறியது. எல்லாம் மனப்பிரமை என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார்கள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். இது வயிற்றில் ஆரம்பித்ததுதான் என்று அவர் அடித்துச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் லேபுக்கு ஒரு நரம்பு டாக்டர் வந்தார். இந்த நோயில் ஒரு புரதம் கோணிக்கொண்டு நரம்புகளில் திரளும், சிலருக்கு அது முதலில் குடல் நரம்பில் திரண்டு பிறகு மூளைக்கு ஏறுகிறதோ என்பது அவருடைய சந்தேகம். அந்தத் திரளைப் பழுப்பாகக் காட்டும் சாயம் போட்டு, லேபில் எடுத்துவைத்திருக்கும் நோயாளிகளின் பழைய துணுக்குகளை மறுபடி பார்க்கப் போகிறார். கேட்டதும் அத்தைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கே அப்பாவை இழுத்துவந்து சம்மதக் கையெழுத்துப் போட வைத்தாள்.

அப்பாவின் துணுக்கில் சீவிய முதல் தகட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. டாக்டர் அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார். அத்தை மட்டும் மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். துணுக்கு படுத்துக் கிடந்தது. அப்படிச் சீவினால் குடலின் உள்தோல்தான் வரும், நரம்பு அதற்கு அடியில் இருக்கிறது. துணுக்கை நிமிர்த்திப் பதித்திருக்க வேண்டும். கட்டியின் ஓரத்தில் இருந்த எழுத்து அவளுடையதேதான்.

மிச்சம் கடுகளவு. மெழுகை உருக்கித் திருப்பும்போது நழுவினால் அப்பாவுக்கு இனி விடையே கிடையாது. டாக்டரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாள். உருக்கினாள், இடுக்கியால் நிமிர்த்தி நிறுத்தினாள், ஆறவிட்டுச் சீவினாள். ஏழு சீவல் தேறியது. மறுநாள் காலை எனக்குப் போன் வந்தது, அப்பாவோடு உடனே வரச் சொல்லி.

திரையில் நீலத்துக்கு நடுவே ஒரு நரம்பு முடிச்சு, அதில் பழுப்புத் திட்டுகள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாது, மலச்சிக்கல் உள்ளவர்களுக்கெல்லாம் இந்த நோய் வராது, மருந்தும் மாறப்போவதில்லை என்று டாக்டர் அடுக்கினார். ஆனால் அவர் குரலும் நிலைகொள்ளவில்லை.

அத்தைக்கு மட்டும் முகம் செத்துவிட்டது.

"அண்ணே, அன்னைக்கு நான்தான் இதைத் தப்பாப் படுக்க வச்சேன்."

சரியாக வைத்திருந்தாலும் அன்றைக்கு யாரும் இந்தச் சாயம் போட்டுத் தேடியிருக்கமாட்டார்கள் என்று டாக்டர் குறுக்கிட்டார். அப்பா அவரைக் கையமர்த்தினார்.

"நான் பொய் சொல்லலன்னு உனக்காவது தோணிச்சேம்மா, அது போதும்."

பிறகு அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார். நான் போட்டு அவர் காதில் வைத்தேன்.

"இருந்துச்சுடி. என் கண்ணால பாத்துட்டேன்."

மறுமுனையில் அம்மா அழுவது எனக்கே கேட்டது.