அவித்த வலை

வலையை அவித்த அன்று அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான மாமி, நான் எல்லோரும் முற்றத்தில் இருந்தோம். சித்தப்பா மட்டும் இல்லை. பேசாலையிலிருந்து காலை பஸ்ஸில் மன்னார் ஆஸ்பத்திரிக்குத் தன் எச்.ஐ.வி. மருந்தை எடுக்கப் போயிருந்தார். அவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அவித்தோம். அவர் மனம் நோகக் கூடாதல்லவா?

கிழிந்த வலையைப் பொத்தும்போது நூலைப் பல்லால் கடித்து அறுப்பது சித்தப்பாவின் பழக்கம். மற்றவர்கள் கத்தியைத் தேடி எடுப்பதற்குள் அவர் நாலு முடிச்சுப் போட்டுவிடுவார். தனக்கு இந்த நோய் இருப்பதை முந்தின வாரம் அவரே வீட்டில் சொன்னார். ஆஸ்பத்திரியில் தந்த விளக்கத் தாளையும் கொடுத்தார். அப்பா அதைப் பத்திரமாக மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நாலாம் வகுப்புப் படித்த நான் மட்டும்தான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"நூலெல்லாம் அவன்ர எச்சில்" என்றார் மாமி.

"கொதிதண்ணியில போட்டா எல்லாம் செத்திடும்" என்றார் அம்மா.

தகரப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, பனைமட்டை எரித்து, சித்தப்பா பொத்திய நைலோன் வலை முழுவதையும் உள்ளே திணித்தோம். அடியில் தகரத்தில் பட்டது உருகி ஒட்டியது. மேலே கிடந்தது சுருங்கிச் சுருண்டது. அப்பா கோலால் கிளறிக்கொண்டிருந்தபோது, மீன் வைத்த மாலுபணிஸ் பையோடு சித்தப்பா வந்து நின்றார்.

"என்ன அண்ணி, இண்டைக்கு வலைக்கறியோ?"

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. பணிஸை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய், உடுப்புப் பையோடு வெளியே வந்தார்.

"மன்னாரில ஒரு அறை எடுக்கிறன். இது பிள்ளை இருக்கிற வீடு."

அம்மா ஓடிப்போய்ப் படலையை மறித்தார். "எங்களுக்கு ஒண்டும் தெரியாது தம்பி. தெரிஞ்ச ஆள் நீங்களும் போனா நாங்கள் ஆரிட்டக் கேக்கிறது?"

சித்தப்பா பையைக் கீழே வைத்தார். கேள்விகள் தொடங்கின.

"எச்சிலில?"

"பரவாது."

"ஒரே கோப்பையில தேத்தண்ணி குடிச்சா?"

"பரவாது."

"நுளம்பு கடிச்சா?"

"அதாலயும் இல்லை."

மாமிக்கு இன்னும் சந்தேகம். "பெரிய வெள்ளிக்கு எல்லாரும் ஒரே சிலுவையைத்தானேடா வாய் வைச்சு முத்தி செய்யிறம்?"

"எனக்குப் பின்னால நிண்டே முத்தி செய் அக்கா. ஒண்டும் வராது."

"அப்ப என்னத்தாலதான் பரவும்?"

"ரத்தத்தால..." என்று தொடங்கியவர் என்னைப் பார்த்தார். உடனே சீனி வாங்க என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். வீட்டில் சீனி நிறையவே இருந்தது.

நான் திரும்பி வந்தபோது உடுப்புப் பை உள்ளே போயிருந்தது. மருந்தை நாள் தவறாமல் எடுத்தால் நெடுங்காலம் வாழலாம், கடலுக்கும் போகலாம் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பாதி கடித்து வைத்த மாலுபணிஸை மாமி தின்றுகொண்டிருந்தார்.

ஒரேயொரு வலை மிதவையைக் கடலில் தவறவிட்டதற்கு என் காதைத் திருகியவர் அப்பா. அன்று பீப்பாயைக் கவிழ்த்து, கட்டிபட்டுக் கிடந்த வலையைக் காலால் தட்டிப் பார்த்து, சித்தப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்களுக்கு எங்கிருந்தோ பெரும் பணம் வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

புது வலைக்கு முப்பத்திரண்டாயிரம் ரூபாய் போனது.