இரும்பைத் தொடாத கீறல்

பெயின்ட் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு உப்புக்காரி என்று பேர். பூச்சடித்த இரும்புத் தகடுகளை உப்புநீர்ப் புகை அடிக்கும் பெட்டிக்குள் வைத்து, துரு எங்கே ஏறுகிறது என்று பார்ப்பதுதான் பதினொரு வருஷமாக அவள் பிழைப்பு. முகத்தாட்சண்யம் பார்க்காத பிறவி. அதனாலேயே கூடத்தில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது. கூடத் தலைவருக்கு அறவே ஆகாது. அவர் வேறு யாருமில்லை, அவள் மாமா, அக்கா புருஷன்.

அவர் புதுப் பூச்சு ஒன்று செய்திருந்தார். கண்ணுக்கே தெரியாத நானோ களிமண் சில்லுகளை ரசாயனத்தில் ஊறவைத்துப் பக்குவப்படுத்திப் பிசினில் கலப்பது. பக்குவம் சரியாக இருந்தால் சில்லுகள் பிரிந்து பரவித் தண்ணீரை உள்ளே விடாது. தவறினால் கட்டி தட்டி, அந்த இடமே ஓட்டையாகிவிடும். அமிலத் தொட்டிகளுக்கு அடிக்க அதை வாங்க இருந்தவர்கள் அன்று மதியம் வருவதாக ஏற்பாடு. ஆயிரம் மணி நேரம் பெட்டியில் கிடந்த தகடுகளைக் காலையில் வெளியே எடுத்தாள். பளபளவென்று இருந்தன. அவளுக்குச் சுருக்கென்றது.

பெட்டிக்குள் வைக்குமுன் கத்தியால் பூச்சைக் கீறி இரும்பைத் திறந்துவிட வேண்டும். அங்கிருந்து துரு பூச்சுக்கு அடியில் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்பதுதான் சோதனையே. திறந்த இரும்பு ஒரே நாளில் சிவந்துவிடும். இங்கே ஒரு பொட்டுத் துருகூட இல்லை. அவள் லீவில் இருந்த அன்று கீறியவர் மாமா. இரும்பில் பட்டால் கத்தும் மீட்டரின் முனையைக் கீறலில் வைத்தாள். மூச்சுக் காட்டவில்லை.

"மாமா, இது மேலோட்டமாக் கீறினது."

"ரிப்போர்ட்ல கையெழுத்தைப் போட்டுட்டுப் போ."

"துருப்பிடிச்ச தொட்டி மேல ஏறி நடக்கிறவன் அமிலத்துக்குள்ள விழுந்தா நீங்களா தூக்குவீங்க? போட மாட்டேன்."

"இந்த வேலையே நான் போட்ட பிச்சை. ஞாபகம் இருக்கட்டும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. 'கீறல் இரும்பைத் தொடவில்லை, சோதனை செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வந்தவர்கள் முன்னாலேயே கொண்டுபோய் வைத்தாள். அவர்கள் டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். மாமா அவளைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. அவளும் கண்ணை எடுக்கவில்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே கத்தல்.

"நீ எனக்குத் தங்கச்சியே இல்லடி! ரெண்டு வருஷம் அவரு உயிரைக் கொடுத்துச் செஞ்சது. அந்தப் பூச்சு அவ்வளவு மட்டமா?"

"தெரியாதுக்கா. நல்லதாவும் இருக்கலாம்."

"அப்புறம் எதுக்குடி அவரு மானத்தை வாங்கின?"

"நான் வாங்கல. ஆழமாக் கீறிப் பார்க்க அவருக்கே பயம். அவரு செஞ்சதை அவரே நம்பலக்கா."

அக்கா போனை வைத்துவிட்டாள்.