அந்தோணியார் வளைவில் இரண்டு விநாடி

1. பேய் பிடித்த வண்டி

கஞ்சிக்கோட்டில் ஒரு பிக்கப் டீலரின் ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் குப்பை கொட்டி, சர்வீஸ் அட்வைசராக ரிட்டயர் ஆனவன் நான். அட்வைசர் என்ற பெயரைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். அட்வைஸ் எல்லாம் மேலே இருந்து வரும். திட்டு மட்டும் நேராக நமக்கு வரும்.

ஒருநாள் காலை இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசியவர் எஸ்டேட் மேனேஜர். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எந்தாடோ இது? பேய் புடிச்ச வண்டியா எங்களுக்குக் கொடுத்தது? மேட்டுல நின்ன வண்டி தானா பின்னாடி வந்து எண்டெ காரை இடிச்சுது!"

"ஏனுங்க சார், ஆளுக்கு ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"ஆளுக்கு ஒண்ணுமில்லா. காரு! புதிய காரு!"

ஆளைவிட்டு அவர் காருக்குத் தாவிய வேகத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் ஒர்க்‌ஷாப் இன்சார்ஜிடம் போய்ச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"போயிட்டு, டிரைவர் மிஸ்டேக்னு ரிப்போர்ட் போட்டுட்டு வந்துருங்க."

"வண்டியப் பாக்காமயேங்களா?"

"பாத்துட்டே போடுங்க, யாரு வேண்டாம்னா?"

எங்கள் இடத்தில் எந்த வண்டிக்கு எது நடந்தாலும் காரணம் மூன்றுதான். டிரைவர், ரோடு, மழை. கம்பெனி வண்டியும் எங்கள் சேல்ஸ் ஆட்களின் வாயும் பத்தரை மாற்றுத் தங்கம்.

2. சூசை

மலை ஏறிப் போய்ச் சேர்ந்தேன். எஸ்டேட் ஷெட்டில் பிக்கப் நின்றது. பின்பக்கக் கதவு நெளிந்திருந்தது. பக்கத்தில் மேனேஜரின் கார், மூக்கில் குத்து வாங்கின மாதிரி. இரண்டுக்கும் நடுவில் டிரைவர் சூசை, ஐம்பதைத் தாண்டியவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். பேச்சில் திருநெல்வேலி இன்னும் இறங்கவே இல்லை.

"என்னத்தைச் சொல்ல, சார்? சனிக்கிழமைக்குள்ள தோட்டத்து லயத்து வீட்டைக் காலி பண்ணணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. வேலை போனா வீடும் போச்சு. பிள்ளைக்குப் பிளஸ் டூ பரீட்சை வருது. பொட்டி படுக்கையத் தூக்கிட்டு எங்க போய் நிப்பேன்?"

என் ரிப்போர்ட்டில் இரண்டே இரண்டு வார்த்தை. அதற்கு ஒரு வீடு காலி. வண்டியைச் சோதித்தேன். பிரேக்கில் குறை இல்லை, சென்சாரில் குறை இல்லை, மேட்டில் வண்டி பின்னால் போகாமல் பிடிக்கும் ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட் ஜம்மென்று வேலை செய்தது. கூடவே இன்னொன்றையும் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் லீவரில் டெலிவரி அன்று சுற்றிவந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"ஏனுங்ணா, இதை ஒருக்காகூட இழுத்துப் பாக்கலீங்களா?"

"அதெல்லாம் வேலை செய்யுமா சார்?" என்றார் சூசை. உண்மையாகவே கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தோட்டத்துப் பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் என்பது சாப்பாட்டுப் பையை மாட்டும் கம்பி. மேட்டில் நிறுத்த வேண்டுமென்றால் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் போடுவார். அதுதான் அங்கே ஹேண்ட்பிரேக்.

மேட்டில் எதற்காக நிறுத்த வேண்டும்? அந்தோணியாருக்காக. செங்குத்தான ஒரு வளைவில் அந்தோணியார் கெபி, அதாவது ரோட்டோரச் சின்னக் கோயில், இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும் எந்த டிரைவரும் நிற்காமல் போக மாட்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி உண்டியலில் காசு போட்டு, நெற்றியிலிருந்து நெஞ்சு வரை சிலுவை போட்டு, கையை முத்தமிட்டு, அப்புறம்தான் கியர். நெற்றியில் விபூதி வைத்த டிரைவர்களும் அங்கே நிற்பார்கள். பிரேக் பிடிக்கணும் என்கிற வேண்டுதலில் அங்கே மதம் கிடையாது.

புது வண்டி வந்தபோது எங்கள் சேல்ஸ் தம்பி அங்கே போய் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கிறார். "அண்ணே, ஹில் அசிஸ்ட் இருக்கு. மேட்டுல காலை எடுத்தாலும் வண்டி அசையாம நிக்கும்." மேனேஜருக்குக் கேட்கவா வேண்டும்? "அசிஸ்ட் உள்ளப்போ அசிஸ்டென்ட் எதுக்கு?" என்று அன்றைக்கே கிளீனரைத் தோட்ட வேலைக்கு அனுப்பிவிட்டார். கல்லும் போச்சு, கல் போடும் ஆளும் போச்சு. அப்படிச் சொல்லிவிட்டுப் போன சேல்ஸ் தம்பி இப்போது வேறு கம்பெனியில் ஏசி விற்கிறார். அதில் காலை எடுக்கிற வேலை இல்லை. ஊர் பிழைத்தது.

3. அது என்னதான் செய்யும்?

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். சேல்ஸில் இருப்பவர்கள் இரண்டு முறை படிக்கவும்.

மேட்டில் வண்டியைப் பிரேக் பிடித்து நிறுத்துகிறீர்கள். வண்டி சாய்ந்து நிற்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. சக்கரம் சுற்றவில்லை என்று வீல் சென்சார்கள் சொல்கின்றன. இப்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், ஏபிஎஸ் யூனிட்டில் இருக்கும் வால்வு, பிரேக் ஆயில் பிரஷரை உடனே விடாமல் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம்? ஏறக்குறைய இரண்டு விநாடி. பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்குக் கால் போய்ச் சேர்ந்து, கிளட்ச் பிடித்து, வண்டி முன்னே நகர அந்த நேரம் போதும். இன்ஜின் இழுக்க ஆரம்பித்ததும் பிரஷரை விட்டுவிடும். நீங்கள் இழுக்காவிட்டாலும் விட்டுவிடும்.

அதாவது, அது வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்தி வைக்க உதவாது. உண்டியலில் காசு போட்டு, சிலுவை போட்டு, கையை முத்தமிடுகிற வரைக்கும் அந்த வால்வு காத்திருக்காது. அதற்குப் பக்தி கிடையாது.

இதைச் சூசையிடம் விளக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு விநாடியா? ரெண்டு விநாடில எந்தச் சாமியைக் கும்பிட முடியும் சார்? பிதா சுதன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள வண்டி பின்னால போயிட்டுது. நான் பிரேக்கை மிதிக்கதுக்குள்ள, பின்னால வந்து நின்ன மேனேஜர் காருல முட்டிட்டுது!"

"கும்பிடுங்ணா, வேண்டாங்கல. ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டுக் கும்பிடுங்க."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவர் கேட்டது நியாயம்.

4. மேனேஜருக்கு வந்த போன்

ஆபீசுக்குப் போய் வண்டியில் குறை இல்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். பேய் அந்த நொடியே வண்டியிலிருந்து இறங்கிச் சூசையின் தோளில் ஏறிக்கொண்டது.

"அப்போ டிரைவர் மிஸ்டேக். எழுதிக் கொடு. சனிக்கிழமை அவன் வீட்டைவிட்டு இறங்கட்டும்."

"சார், காலை எடுக்கலாம்னு சொன்னது எங்க ஆளுங்க. யாரா இருந்தாலும் எடுத்திருப்பாங்க."

"யாராயிருந்தாலுமா? ஞான் எடுக்கில்லா. வா, ஓட்டிக் காணிக்கறேன்."

வண்டியை அவரே எடுத்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூசை பின் சீட்டில் ஏறிக்கொண்டார். அந்தோணியார் வளைவில் நடுமேட்டில் வண்டியை நிறுத்தி, மேனேஜர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

"கண்டோ? கால் பிரேக்கில. இங்ஙனெ வச்சா ஒண்ணும் ஆகில்லா."

அப்போது அவர் போன் அடித்தது. கொச்சியிலிருந்து முதலாளி.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம். முதலாளி போனில் வந்தால் மேனேஜர் எழுந்து நின்றுதான் பேசுவார். சற்று முன் ஆபீசில்தான் அதைப் பார்த்தேன். வண்டிக்குள் முழுசாக எழ இடமில்லை. ஆனாலும் மரியாதை விடுமா? இடது காலைக் கிளட்சில் ஊன்றி, பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்து, சீட்டிலிருந்து பாதி எழுந்தே விட்டார்.

"யெஸ் சார். புது வண்டியோ? நல்ல வண்டி சார். ஒரு பிரச்சினையும் இல்லா சார்."

வால்வு தன் கடமையைச் செய்து முடித்தது. நல்ல வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. "ஐயோ அந்தோணியாரே!" என்று பின்னால் சூசை அலறினார். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டி குலுங்கி நின்றது. மேனேஜரின் தலை கூரையில் முட்டியது. "தேங்க்யூ சார்" என்று அவர் போனை வைத்தார். முதலாளிக்கு எதுவும் தெரியாது.

"இது வண்டியோட கம்ப்ளெயிண்ட் தன்னெ" என்றார் மேனேஜர், தலையைத் தடவிக்கொண்டு.

"அப்படின்னா சூசையண்ணன் மேல தப்பில்லீங்களே சார்."

"இல்லா, டிரைவர்…"

"டிரைவர் மிஸ்டேக்னா ரெண்டு டிரைவர் பேரையும் எழுதோணுமுங்க. உங்க பேரு ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்."

சூசைக்கு அவர் சாமி கெபியில், மேனேஜருக்கு அவர் சாமி போனில். இருவருமே கும்பிடக் காலை எடுத்தவர்கள்தான். மேனேஜர் பின்கண்ணாடியில் சூசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினார்.

"சூசே, நாளைக்கு வண்டி எடுத்தோ. ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்து. வீட்டுக் காரியம் விட்டேக்கு, காலி பண்ணண்டா. இது வெளிய யாரும் அறியண்டா."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ரிட்டயர் ஆனபின் எழுத மாட்டேன் என்று கொடுக்கவில்லை.

ரிப்போர்ட்டில் "டெலிவரியின்போது தவறான விளக்கம்" என்று எழுதினேன். இன்சார்ஜ் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மாதம் ஒர்க்‌ஷாப்பில் நிம்மதியாக வேலை பார்த்தேன். அதற்கப்புறம் எந்த வண்டியை ஒப்படைத்தாலும், அது என்ன செய்யும் என்பதற்கு முன்னால் என்ன செய்யாது என்பதைச் சொல்லிவிடுவேன். விற்பனை ஒன்றும் படுத்துவிடவில்லை.

அன்று கிளம்பும்போது சூசை விடவில்லை. டீ குடித்தே ஆக வேண்டும் என்று லயத்துக்கு இழுத்துப் போனார். வீட்டுக்குள் பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. ஒரு மூலையில் மகள் பாடப் புத்தகத்தோடு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி ஆரோக்கியம் என்னைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்கப் பயந்து கணவரைப் பார்த்தார்.

"டீ போடு" என்றார் சூசை. "போகல. இங்கனதான் இருக்கோம்."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டம்ளர் எடுப்பதற்காக முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.