சும்மா இருக்கச் சொல்லும் அமீர் பாட்சா

திண்டிவனம் அமீர் பாட்சாவுக்குப் பூனை ஆகாது. பூனை முடி ஒன்று காற்றில் வந்தாலும் அடுக்கடுக்காகத் தும்மல். மனைவி அசன் பீவி ஆசையாக வளர்த்த பூனையைக் கோட்டக்குப்பத்தில் மச்சான் வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் வீட்டில் நிம்மதி வந்தது, அவருக்கு மட்டும். அப்படிப்பட்டவர் மூன்று வருடமாக வனவிலங்கு மீட்பு உதவி எண்ணில் தன்னார்வலர். வாரத்தில் நான்கு நாள், சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் எது புகுந்தாலும் அவருடைய கைப்பேசிதான் அடிக்கும்.

இதற்கான பயிற்சி அவருக்குச் சார்ஜாவில் கிடைத்தது. அங்கே அவர் பார்த்தது லிஃப்ட் வேலை. பழுதாகி நடுவில் நின்ற லிஃப்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிறவர்களிடம், மெக்கானிக் வரும்வரை ஃபோனில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களில் அவர் கண்டுகொண்டது இதுதான்: நின்றுபோன லிஃப்டைவிட, கதவைப் பிளந்து குதிக்கப் பார்க்கிற ஆள்தான் ஆபத்து. ஊர் திரும்பிய பின்னும் அதே வேலை, சம்பளம் மட்டும் இல்லை. அவருடைய நோட்டில் ‘எடுத்த நடவடிக்கை’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்: ‘சும்மா இருக்கச் சொல்லப்பட்டது.’

போன மாசியில் ஒரு மத்தியானம். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு போட்டிருக்கும் மணிமாறன் கூப்பிட்டார். வெட்டு ஆட்கள் கரும்புக்குள் இரண்டு குட்டிகளைக் கண்டெடுத்திருந்தார்கள். சிறுத்தைக் குட்டி என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

“ஒயர் கூடையில வச்சிருக்கேன் பாய். பஸ் புடிச்சு விழுப்புரம் எடுத்தாந்துடறேன். அநாதையா கெடக்குது, பாவம்.”

“பஸ் ஏறாதீங்க. மொதல்ல போட்டோ அனுப்புங்க.”

படம் வந்தது. உடம்பில் புள்ளி இல்லை. மங்கலான வரிகள், குட்டை வால். காட்டுப்பூனை. இதைக் கேட்டு வயலில் கூடியிருந்த கூட்டம் ஏமாந்துபோனது. சிறுத்தைக்காக வேலைக்கு லீவு போட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

“அநாதை இல்ல மணிமாறன். ஆள் சத்தத்துல தாய் ஒதுங்கியிருக்கு. பொழுது சாயும்போது தேடி வரும். எடுத்த எடத்துலயே வையுங்க. அங்க நாலு வரிசை, நாலே நாலு பார் கரும்பை மட்டும் வெட்டாம விடுங்க.”

வெட்டு ஆட்களின் மேஸ்திரி முனியம்மாள் ஃபோனைப் பிடுங்கினார். “இன்னா பாய், லாரி நிக்குது. இன்னிக்குத்தான் ஆலையில வெட்ட உத்தரவு. பூனைக்காகக் கரும்ப வுட்டுட்டுப் போவணுமா? நீ வந்து வெட்டித் தர்றியா?”

“நான் வந்தா தும்மிக்கினே இருப்பேம்மா. உங்களுக்குத்தான் பேஜாரு.”

முனியம்மாள் சிரித்துவிட்டார். நாலு பார் நின்றது.

ஐந்தரை மணிக்கு வயல் காலி. வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகாத மணிமாறன், தூரத்தில் மோட்டார் கொட்டகை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். அமீர் பாட்சா ஸ்பீக்கரில் போட்டார்.

“எம் பூனையை நாடு கடத்துன மனுஷன், ஊரான் பூனைக்குக் காவல் காக்கறாரு,” என்றார் அசன் பீவி.

“வந்துடுச்சு பாய்!” மணிமாறனின் கிசுகிசுப்பு. “கவ்விக்கினு போவுது... ஒண்ணுதான்.”

பத்து நிமிடம் போனது. பதினைந்து. மிச்சமிருந்த குட்டி கத்துவது திண்டிவனம் வரை கேட்டது.

“நாய் வந்துட்டா இன்னா பண்றது பாய்? நான் எறங்கித் தூக்கியாந்துடறேன்.”

அமீர் பாட்சாவுக்கும் உறுதியாகத் தெரியாது. தாய் இரண்டாவதுக்குத் திரும்பாத கதையும் அதே நோட்டில் இருந்தது. ஆனாலும் சார்ஜாக் குரலை எடுத்தார், தாழ்ந்து, நிதானமாக.

“காலடி கேட்டா அது வரவே வராது. எறங்காதீங்க. நீங்க பேச வேணாம், நான் பேசறேன். காதுல வச்சிக்கினு கேளுங்க.”

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, நிக்காஹ் அன்று லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு மாப்பிள்ளையின் கதையை ஆரம்பித்தார். மாப்பிள்ளை எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் அழுதுகொண்டிருந்தபோது, மணிமாறன் குறுக்கிட்டார்.

“பாய்... திரும்பி வந்துச்சு. அதையும் கவ்விக்கினு போயிடுச்சு.”

அமீர் பாட்சா கண்ணை மூடித் திறந்தார். அசன் பீவி எப்போதோ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“எறங்கட்டுமா பாய்? கொசு புடுங்குது.”

“புடுங்கட்டும். இன்னும் பத்து நிமிஷம் சும்மா இருங்க.”