நாலாம் தூக்கம்

ஜோதிக்குப் பேச்சே வராது என்று எருமப்பட்டியில் பலர் நினைத்திருந்தார்கள். வரும், தொண்டைக்குழி வரை வந்து நின்றுகொள்ளும். பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறையில் ஆறு வருஷம் அதட்டல் கேட்டே வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த தோட்டங்காட்டில் புழுமனை போட்ட பிறகுதான் மூச்சு விட்டாள். பட்டுப்புழு யாரையும் அதட்டாது.

போன தடவை வளர்த்ததெல்லாம் பச்சையாகக் கக்கித் துவண்டு செத்தது. குழிவெட்டிக் கொட்டினார்கள். புருஷன் அர்த்தநாரி திட்டவில்லை.

"இந்த ஒரு தடவ பாத்துக்க. இதும் போச்சுன்னா மல்பெரியப் புடுங்கிட்டுக் குச்சிக்கெழங்கு ஊனிர்லாம். நீ தறிக்கே போயிக்க" என்றான்.

இப்போது புழுக்கள் நாலாவது தோலை உரிக்கும் தூக்கத்தில் இருந்தன. தழை போடக்கூடாத நேரம். பயிற்சி கொடுத்த மலர்விழி மேடம் அதற்குக் காரணம் சொல்லியிருந்தாள். தூங்கும் புழுவின் குடலுக்குள் விதை மாதிரிச் சின்னச் செல்கள் பெருகுமாம். பொடிப்பொடியான புரதத் துணுக்குகள் அவற்றிடம் போய், நீ செரிக்கிற செல்லாகு, நீ வேறு வேலைக்குப் போ என்று ஏவுமாம். அப்படித்தான் அடுத்த பருவத்துப் பெருந்தீனிக்குக் குடல் தயாராகுமாம்.

"கொடலுக்குள்ள மேஸ்திரி இருக்கறானாட்டிருக்குது" என்று பயிற்சிக்கு வந்த யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பாதி எழுந்து பாதி எழாவிட்டால் என்ன செய்வது என்று கேட்க ஜோதி வாயெடுத்தாள். கூச்சத்தில் விழுங்கிவிட்டாள். அந்தக் கேள்விதான் இன்று வந்து நின்றது.

ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது, புழு அடுக்குகள் முழுக்கத் தழையோடு வெட்டிய மல்பெரிக் குச்சிகள். அர்த்தநாரியின் அக்கா அத்தாயி கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க நங்கையா, தழை போட்டீங்களா?"

"ஆமா சாமி. பாதி முழிச்சுத் தலைய ஆட்டுதுங்க. நேத்திருந்து பட்டினி போட்டிருக்கறயே, நீயெல்லாம் பெத்தவளா?"

"மீதி தூங்குதுங்களே."

"தூங்கறது எந்திரிச்சாத் தின்னுட்டுப் போவுது. உன்ற ஊட்டுச் சோறா, ஆறிப்போறதுக்கு?"

குச்சிகளுக்கு அடியில் தூங்கும் புழுக்கள் ஈரத்தில் புதைந்து கிடந்தன. உதறி எடுத்தால், அவை பிடிப்புக்காகக் கட்டியிருந்த நூலிழை அறுந்து தோலுரிக்க முடியாமல் சாகும். விட்டால் புழுங்கிச் சாகும். ஜோதி போனை மூன்று முறை எடுத்து வைத்தாள். நாலாவது முறை அழுத்திவிட்டாள்.

"மேடம், எருமப்பட்டி ஜோதிங்க. பாதி எந்திரிக்கலீங்க. தழை போட்டாச்சுங்க."

"பதறாதீங்க. எழுந்த புழு குச்சிமேல ஏறியிருக்கும். குச்சியோட மெதுவாத் தூக்கி வேற அடுக்குல வைங்க. தூங்கறதுமேல சுண்ணாம்புத் தூள் தூவுங்க."

ஒவ்வொரு குச்சியாகத் தூக்கினாள். அத்தாயியும் கூடவே தூக்கினாள். பொழுது சாய்கிற வேளையில், பிரித்து வைத்த அடுக்கில் ஒரு புழுவின் வாயில் பச்சை தெரிந்தது. தழைச் சாறா, கக்கலா? போன தடவையும் இப்படி ஒன்றில்தான் ஆரம்பித்தது.

இம்முறை போனைக் கீழே வைக்கவில்லை.

"மேடம், மறுபடியும் ஜோதிங்க. கொடலுக்குள்ள மேஸ்திரி வேலைய முடிக்கறதுக்குள்ளயே புழு தின்னுருச்சுங்களா? ஒண்ணு வாயில பச்சை தெரியுதுங்க."

"அதைத் தனியா எடுத்துருங்க. அந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

அடுத்த குச்சியைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"இருங்க மேடம். பாத்துச் சொல்றேனுங்க" என்று அந்தக் குச்சியைத் தூக்கினாள்.