முதுகுப் பட்டையில் ஒரு சிவப்புக் கோடு

போன மாதம் படூர் வீட்டுக்கு மகள் பெயரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே, கடலில் முங்குகிறவர்கள் காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொள்ளும் பட்டை. உறையைக் கிழித்ததும் புது நைலான் வாசனை மூக்கில் ஏறியது. கை சும்மா இருக்குமா? ஒரு வாரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன்.

"அம்மா, அதெல்லாம் அவங்களே டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புறாங்க. விடு."

விட்டேன். ஆனால் நம்பவில்லை.

நம்பாமை எனக்குப் பிறவிக் குணம். தேங்காயைத் தட்டாமல் வாங்கமாட்டேன், மீனின் செவுளைத் தூக்காமல் வாங்கமாட்டேன். பால்காரர் சத்தியம் செய்தால் அன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று அர்த்தம். செங்கல்பட்டில் என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட, "மாப்பிள்ளை இவ்வளவு சாதுவா இருக்காரே, எங்கியோ இடிக்குதும்மா" என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். எங்கே இடித்தது என்பது கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மனுஷருக்குக் கடல் பைத்தியம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வேலைக்காகக் கல்பாக்கம் வந்தவர். கூட வேலை பார்த்த பாஸ்கர் திருப்போரூர்க்காரன். அவன் அண்ணன் கல்ஃபிலிருந்து முங்குவதற்கான சாமான் இரண்டு செட் கொண்டுவந்திருந்தார். சிலிண்டர், வாயில் கடித்து மூச்சு விடும் குழாய், கண்ணாடி எல்லாம் இரண்டிரண்டு. முதுகுப் பட்டை மட்டும் ஒன்றுதான் உருப்படி. அதைப் பாஸ்கர் தனக்கென்று எடுத்துக்கொண்டான். புதிது வாங்கலாமென்றால் அந்த விலைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வரும். எங்கள் வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜ் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்கர்தான் வழி சொன்னான். பைபாஸ் ஓரத்தில் பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் சீட் பெல்ட் கிடைக்கும். அந்தக் காலத்தில் நம் ஊரில் யார் சீட் பெல்ட் போட்டார்கள்? கார் துருப்பிடித்துச் செத்திருக்கும், பெல்ட் மட்டும் கல்யாணப் பட்டு மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும்.

"தடவிப் பாருங்க அண்ணி, சும்மா பஞ்சு மாதிரி கீது. அண்ணாத்தைக்குத் தோள்ல கீறதே தெரியாது," என்றான்.

அந்தப் பஞ்சுதான் எனக்கு இடித்தது. நல்ல பட்டையை இவன் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு இவ்வளவு சிரித்துக்கொண்டு யோசனை சொல்கிறான் என்றால் எனக்குச் சந்தேகம் வந்ததில் நியாயம் உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை வைத்தேன். காலி கேஸ் சிலிண்டரை அந்த பெல்ட்டால் இவர் முதுகில் கட்டி, கூடத்தில் இங்கும் அங்கும் நடக்க விட்டேன். அதுவும் காற்றுச் சிலிண்டரும் எடை ஏறக்குறைய ஒன்றுதான். சக்கரை கடன் கேட்க வந்த எதிர்வீட்டு அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். கேஸ் தீர்ந்ததற்குப் புருஷனுக்கு இந்தத் தண்டனையா என்று நினைத்திருப்பாள்.

பெல்ட் அசையவில்லை. இவருக்கு ஒரே பெருமை.

"காஞ்சிருக்கப்போ நிக்குது. நனைஞ்சா நிக்குமா?" என்றேன்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

ஆமாம், சந்தேகம்தான். கடலுக்கு முன்னால் கிணற்றில் இறங்கிக் காட்டச் சொன்னேன். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் என் சித்தப்பாவுக்குப் பம்புசெட் வைத்த பெரிய கிணறு இருந்தது. இவர் இடுப்பில் தாம்புக்கயிறு கட்டி, மறுமுனையைப் பாஸ்கர் கையில் கொடுத்து, பாஸ்கர் மேல் நம்பிக்கை இல்லாததால் அந்தக் கயிற்றையே நானும் பிடித்துக்கொண்டேன்.

இவர் முங்கினார். ஞாயிற்றுக்கிழமை வேறு. கொஞ்ச நேரத்தில் ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது.

"பொணம் எதுனா கீதா?" என்றார் ஒருவர்.

"பொணம்னா போலீசு வருமேய்யா. இது செலை மேட்டரு," என்றார் இன்னொருவர்.

சித்தப்பா என் காதோரம் குனிந்தார். "நெசத்தச் சொல்லு. உன் வூட்டுக்காரரு என் கெணத்துல இன்னாத்த தேடிகினு கீறாரு?"

பட்டையைச் சோதிக்கிறோம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டுமே! சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குள் கயிறு துள்ளியது. நனைந்த பெல்ட் கொக்கியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், சிலிண்டர் முதுகிலிருந்து விலாவுக்குச் சரிந்து, மனுஷரைக் குப்புறத் திருப்பிப் போட்டிருக்கிறது. இழுத்து மேலே கொண்டுவந்தோம். கண் சிவந்து இருமிக்கொண்டே படிக்கட்டில் உட்கார்ந்தவரின் தலையை முந்தானையால் துவட்டினேன். அது கிணறாக இல்லாமல் கடலாக இருந்திருந்தால்? நாங்கள் கிளம்பிய பிறகு சித்தப்பா, விழுந்த வாளி எடுக்கும் பாதாளக் கரண்டியை விட்டு நாள் முழுக்கத் துழாவியதாகச் சித்தி பிறகு சொன்னாள்.

கடலே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மனுஷர் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். அதனால் பட்டையை நானே கையில் எடுத்தேன். சென்னையில் பழைய ராணுவச் சாமான் விற்கும் கடையில் பாராசூட் நாடா வாங்கினோம். பனைமட்டை மாதிரி விறைப்பு, ஓரமெல்லாம் கருக்கு. நனைத்து இழுத்தால் ஒரு நூல் நகராது. வெட்டி ஒட்டுப் போடக் கூடாது, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே நாடாவாக ஓட வேண்டும் என்றேன். தையல் இருக்கிற இடத்தில்தானே பிரியும்? முதுகுக்கு எவர்சில்வர் தகடு. செங்கல்பட்டில் வெல்டிங் கடையில் துளை போட்டு வாங்கி, என் பழைய நைலக்ஸ் புடவையை ஒவ்வொரு துளையிலும் விட்டு உருவினேன். நூல் மாட்டிய துளையையெல்லாம் மறுபடி ராவச் சொன்னேன். கடைக்காரர் கும்பிடு போட்டார். கால் நடுவில் வரும் பட்டையைப் பார்த்துவிட்டு, "கோவணத்தப் போய் பேண்ட்டு மேல கட்றீங்களே" என்று பாஸ்கர் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

கடைசியில் இறுக்கம் பார்த்து, நாடாவும் அதை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வளையமும் சேரும் இடத்தில் நெயில் பாலிஷால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டேன். நாடா ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

"இந்தக் கோடு நகர்ந்து வந்துச்சுன்னா, அன்னைக்கோட கடலை மறந்துடணும்," என்றேன். இவர் தலையாட்டினார்.

பிறகு மகாபலிபுரம். படகில் இவர்கள் போவார்கள். நானும் மகளும் கரையில் புளிசாதத்தோடு உட்கார்ந்திருப்போம். கடல் சீறினால் பயம். அமைதியாக இருந்தால் அதைவிடச் சந்தேகம். திரும்பி வந்ததும் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன், முதலில் கோட்டைத்தான் பார்ப்பேன். ஒரு முறைகூட உடையவில்லை.

ஆனால் மனுஷர் மாறினார். வீட்டில் காலர் சட்டையைக் கழற்றவே இல்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு உடுப்பு மாற்றினார். ஜென்மத்தில் பவுடர் தொடாதவர், டப்பாவைக் குளியலறைக்கு எடுத்துப் போனார். தோளில் கை வைத்தால் விலகினார். நான் என்ன நினைத்திருப்பேன்? அதைத்தான் நினைத்தேன். சட்டைப் பையைத் துழாவினால் கடற்கரை மணல்தான் வந்தது. அதையும் நம்பவில்லை.

ஒரு ஞாயிறு சாயங்காலம் பொறுக்க முடியாமல் காலரைப் பிடித்து இழுத்துவிட்டேன். பட்டன் தெறித்தது. பனியன் தோளோடு ஒட்டியிருந்தது. இரண்டு தோளிலும் கழுத்தோரமாகச் சிவந்து, தோல் உரிந்து, புண்ணாக இரண்டு கோடு.

"என்னங்க இது?"

"பட்டை கொஞ்சம் இறுக்கம்."

"சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா? தளர்த்திக்க வேண்டியதுதானே?"

"நீ கோடு போட்டுட்டியே. நகர்ந்தா கடல் இல்லேன்னுட்டே." தெறித்த பட்டனைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "அதுவுமில்லாம, கரையில அந்தக் கோட்டைப் பாத்தப்புறம்தான் நீ மூச்சே விடுவே. ஒவ்வொரு தடவையும் பாக்குறேனே," என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஊரில் இருக்கிற சந்தேகமெல்லாம் பட்ட எனக்கு, என் பயத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் திரிகிறார் என்கிற சந்தேகம் மட்டும் வரவில்லை.

அன்றைக்கே தேங்காயெண்ணெய் போட்டுவிட்டு, பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாடாவின் தோள் பகுதிக்கு உறை போட்டேன். மூச்சை நன்றாக இழுத்து நிற்கச் சொல்லி, பட்டைக்கும் தோளுக்கும் நடுவே என் கட்டைவிரல் போய்வருகிற அளவுக்குத் தளர்த்தினேன். பழைய கோட்டை பிளேடால் சுரண்டினேன். புதுக் கோடு? போட்டேன், போடாமல் இருப்பேனா? அதன் பிறகு சில வருஷம் இவர் சுகமாக முங்கினார். காதில் கோளாறு வந்து டாக்டர் நிறுத்தச் சொன்னதும் நின்றது.

சித்தப்பாவின் கிணற்றைத் தூர்த்து மனை போட்டுவிட்டார்கள். நாங்கள் எதையோ எடுத்துவிட்டோம் என்று கடைசிவரை நம்பினார், பாவம். பாஸ்கர் ஆஸ்திரேலியாவில். எவர்சில்வர் தகடு பால்கனியில் துளசித் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது. நாடா எப்போதோ இற்றுப்போனது.

மகளுடைய பட்டை மெத்தை வைத்துத் தைத்தது. கொக்கியெல்லாம் உள்ளே மறைந்திருக்கிறது. எங்கே கோடு போடுவது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இடமே இல்லை. முங்கக் கூட்டிப்போகிற இடத்தில் சோதிக்க ஆள் உண்டாம். காரில் மகாபலிபுரம் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

போன சனிக்கிழமை இவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். தோளில் அந்தப் புண் ஆறிய தழும்பு பல வருஷம் மெலிசாக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், தட்டுப்படவில்லை.

"என்ன தேடுறே?"

"ஒண்ணுமில்ல, குனிங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கண்ணாடியை மாட்டி வந்து, இவரை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி உட்காரவைத்து, மறுபடியும் பார்த்தேன். இரண்டு தோளிலும் அந்தக் கோடு இல்லை.