அத்தானின் இடது பக்கம்

போன வாரம் மகள் வீட்டில் புது ஸ்பீக்கர் செட் மாட்டக் கடையிலிருந்து ஆள் வந்தார். சோபாவின் நடுவில் சுண்டைக்காய் அளவில் ஒரு மைக்கை வைத்து, "ரெண்டு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்றார். பார்த்தது என்னைத்தான். வந்த கால் மணி நேரத்தில் என்னை அளந்துவிட்டார். ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றன்பின் ஒன்றாக 'உஸ்ஸ்' என்று இரைந்தன. மைக் கேட்டது, செட் தன் சத்தத்தைத் தானே சமன் செய்துகொண்டது. இதே வேலைக்கு நான் அரை நாள் எடுப்பேன். அதில் இரண்டு காபி, ஒரு சாப்பாடு.

பிரித்த பெட்டியிலிருந்து புது வயர் வாசனை வந்தது. எனக்கு அது போதும், நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டேன். தொண்ணூறுகளில் அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்தேன். நிமிர்ந்து நிற்க முடியாது. வந்தவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள். ஈயப்பற்றுப் புகைக்குள் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் செய்வேன். ஊரில் என்னை இன்ஜினீயர் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான்.

மீட்டரெல்லாம் ஏது? செட் யாருக்கோ அவரை நடு நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வேன். ஒவ்வொரு ஸ்பீக்கராக இரைச்சலை விடுவேன். வரும் திக்கில் அவர் விரலை நீட்ட வேண்டும். எல்லாம் ஒரே அளவாய்க் கேட்கிறது என்று அவர் சொல்லும்வரை திருகுவேன்.

இராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்கும் ஒரு செட் செய்தேன். பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனபோது, "வளந்த பிள்ளையால்ல இருக்கு, அதுக்கும் டிக்கெட் எடு" என்றார் கண்டக்டர்.

அத்தான் நூற்பாலையில் ஃபிட்டர். மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார் எனப் பேர். மில் இரைச்சலுக்குள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிற பழக்கம் மில்காரர்களுக்கு உண்டு. வீட்டிலும் முகத்தை உற்றுப் பார்த்துத்தான் பேசுவார். அக்கா அதை ஆசை என்று நினைத்துப் பெருமைப்படுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தான் கண்ணை மூடினார். வலது ஸ்பீக்கருக்கு விரல் சரியாகப் போனது. இடதுக்கு, விரல் மடியிலேயே கிடந்தது.

"மாப்ள, ஒன் செட்டுக்கு ஒரு பக்கம் வாதமா?"

வயரை மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து மறுபடி பற்றவைத்தேன். அடுப்படியிலிருந்து அக்கா, "ஏலே, அவியளுக்கு நான் பேசுறதே கேக்காது, இதுவா கேக்கப் போகுது?" என்று சிரித்தாள்.

கடைசியில் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்காரவைத்தேன்.

"இந்தப் பக்கம் சரியாயிட்டு. ஆனா இப்ப அந்தப் பக்கம் போயிட்டே..." என்றவர் பாதியில் நிறுத்தினார். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். பழுது எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"மில்லுல தெரிஞ்சா கூட்டிப் பெருக்க விட்டுருவாங்க மாப்ள. ஒங்க அக்காட்டயும் சொல்லாத, அவ வாய் சும்மா இருக்காது."

"சரி அத்தான்" என்றேன். வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம். அதையா காப்பாற்றியிருக்க வேண்டும்?

இடது பக்கத்தை மட்டும் இரண்டு மடங்கு ஏற்றிவைத்தேன். மிச்சமிருந்த காதுக்கு அது சமமாய்க் கேட்டது. பக்கத்து வீட்டார் வந்து, "என்ன இன்ஜினீயரே, வண்டி ஒரு பக்கமா சாயுது?" என்று சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு எனக்கு வேலை வரவில்லை.

போனது அதோடு நின்றிருந்தால் தேவலை. அக்கா டிவி பார்க்கும்போது அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருவாள். மாமியார் சண்டை, மளிகை, மனசு எல்லாவற்றையும் அங்கிருந்துதான் கொட்டுவாள். அவர் திரையைப் பார்த்தபடியே இருப்பார். "நான் பேசுனா மட்டும் காது அடைச்சிக்கிடும்" என்று என்னிடம் புலம்புவாள். நான் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளிப்பேன். வருஷம் போகப் போகச் சண்டை குறைந்தது. சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்த முட்டாள் நான். அவள் சொல்வதையே நிறுத்தியிருந்தாள்.

பிறகு வலது காதும் போனது. மில்லில் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"அன்னிக்கே சொல்லிருந்தா, நான் அந்தப் பக்கம் மாறி உக்காந்திருப்பேன்லே. அம்புட்டுத்தான?"



அந்த மில் இருந்த இடத்தில் இப்போது வீட்டு மனைகளுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். அக்காவும் அத்தானும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். சோறு, மாத்திரை, கதவு எல்லாவற்றுக்கும் கைச்சாடை. என்னிடமும் அவள் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. ஒரு காலத்தில் தெருமுனையில் திரும்பும்போதே அவள் பேச்சு காதில் விழும். இப்போது கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.